நடுக்கட்டம்

கைப்பேசிச் சீட்டாட்டத்தில் செவ்வந்தியின் பெயர் இன்னும் முதலிடத்தில் இருந்தது. அவள் இறந்த பிறகு அவளுடைய கணக்கில் கணவன் கௌதமன்தான் ஆடினான். இன்று தோற்றால் அந்த இடம் போய்விடும். ஆட்டத்தில் சீட்டுகளை இறக்கும் வரிசையின் நடுக்கட்டத்தை அவள் ஒருபோதும் நிரப்பியதில்லை. காலியிடத்தை ஒட்டி நிற்கும் சீட்டுக்கு இரட்டைப் பலம் என்ற விதியை யாரும் சட்டை செய்யாத காலத்திலேயே, அதை நம்பிச் சீட்டு சேர்த்தவள் அவள்.

“அக்கா, நடுவுல யாரையாச்சும் நிறுத்துங்க, பார்க்கப் பாவமா இருக்கு” என்று எதிராளி எழுதிச் சீண்டினான். கௌதமன் கையில் யானைச் சீட்டு இருந்தது. அவன் அதை நடுவில் இறக்கவில்லை. காலியிடத்தின் இருபுறமும் நின்ற சீட்டுகள் அடுத்த சுற்றிலேயே எதிராளியின் வரிசையை வழித்தெடுத்தன.

“அக்கான்னா அக்காதான்! உங்களை யாரால அசைக்க முடியும்?”

கௌதமன் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினான்: “யாராலயும் முடியாது தம்பி.”