பின்னால் வருபவை

வாய்க்கால் பாலத்தின் ஒரு சுவரில் கோமதிநாயகமும் எதிர்ச்சுவரில் அவர் மனைவி வடிவும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே நாய் படுத்திருந்தது. மூன்று பூனைகளும் கைக்கு எட்டாத தூரத்தில், ஆவாரஞ்செடிக்குக் கீழே இருந்தன. மாலை நடைக்குக் கிளம்பினால் அவை இப்படித்தான் பின்னாலேயே வரும், யாரையும் தொடவிட்டதில்லை.

நாயோடு சென்னைக்கே வந்துவிடுகிறோம் என்று மகனுக்கு எழுதிய இன்லாண்டு கடிதம், இன்னும் ஒட்டாமல், அவர் சட்டைப்பையில் இருந்தது.

“பூனைகள என்ன செய்ய?” என்றாள் வடிவு.

“அதுகள யாரு பிடிக்க? இங்கனயே பொழச்சுக்கிடும். எந்தி, தபால் பெட்டி வரைக்கும் போவோம்.”

இருவரும் நடந்தார்கள். கூப்பிட்டும் நாய் எழுந்திருக்கவில்லை. அவர்கள் சற்றுத் தள்ளிப் போனதும் பூனைகள் பாலத்துக்கு வந்தன. ஒன்று நாயின் வயிற்றோடு ஒட்டிப் படுத்தது. இன்னொன்று அதன் காதை நக்க ஆரம்பித்தது.

“நம்ம பின்னால வருதுன்னு உங்களுக்குப் பெரும வேற,” என்று திரும்பிப் பார்த்த வடிவு சிரித்தாள்.

அவருக்கும் சிரிப்பு வந்தது. அங்கேயே நின்று, உள்ளங்கையில் கடிதத்தை விரித்து, பேனாவால் அந்த வரியை அடித்தார். ‘நாங்கள் வரவில்லை. நாய்க்கு இங்கே குடும்பம் இருக்கிறது’ என்று எழுதினார். ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, வடிவை அங்கேயே நிறுத்திவிட்டுத் தனியாகப் போய்ப் பெட்டியில் போட்டார்.