ஆனையிறவில ஒரு சிரிப்பு

"அவன் இனி இந்த வாசல்படி மிதிக்கட்டும், நான் ஆரெண்டு காட்டுறன்!"

பார்த்தீபன் போனைச் சோபாவில எறிஞ்சார். எறிஞ்ச கையோட திருப்பியும் எடுத்தார். இன்னொருக்காப் பாத்தாத்தானே இன்னும் கொஞ்சம் கோவப்படலாம்!

பேஸ்புக் படத்தில நிக்கிறது சரத். கோயம்புத்தூர்ப் பெடியன், இவையளைப் போல வெளிநாட்டுக்கு வந்து கிளென்ஃபீல்டில வீடு, பார்த்தீபனோட ஒரே ஒஃபிஸில வேலை. ஜூலை ஸ்கூல் லீவுக்குக் குடும்பத்தோட இலங்கை சுத்திப் பாக்கப் போனவன்.

நிக்கிற இடம் ஆனையிறவு. தொண்ணூற்றியொண்டில தமிழ்ப் போராளிகளோட நடந்த பெருஞ்சண்டையை நினைச்சு, இலங்கை ஆமிக்காரர் ரோட்டோரம் வச்சிருக்கிற வெற்றிச் சின்னம். நொறுங்கின பழைய இரும்பு வண்டி ஒண்டு, சுத்திவரப் பூக்கண்டு. அதுக்கு முன்னால நிண்டு முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறான். ஒரு கையில பெருவிரலை உயத்திக் காட்டுறான். மற்றக் கையில தண்ணிப் போத்தல். அதைச் சரிச்சு நிலத்தில ஊத்தி விளையாட்டு வேற!

"அப்பா, இட்ஸ் ஜஸ்ட் எ ஃபோட்டோ," எண்டாள் மகள் பிரணவி.

"உனக்கென்னடி தெரியும்? உன்ர மாமா விழுந்த மண் அது! உடம்பு கூடக் கிடைக்கேல்லை!"

அந்த மாமாவின்ர தங்கச்சி, பிரணவியின்ர அம்மா சோபனா, குசினியில, அடுப்படியில நிண்டா.

நல்ல நேரம் பாத்து பெல் அடிச்சுது. திறந்தா, சரத்தேதான்! கையில பனங்கட்டிக் குட்டான், ஓலைப் பெட்டியில ஊத்தின பனைவெல்லம்.

"வணக்கம்ணா! நேத்துதான் வந்து எறங்குனோம். அக்கா இருக்காங்களா?"

"உள்ள வராத."

ஒரு சப்பாத்தைக் கழட்டின சரத் ஒற்றைக் காலில அப்பிடியே நிண்டான்.

"என்னண்ணா ஆச்சு?"

பார்த்தீபன் போனை அவன்ர மூக்குக்கு நேர நீட்டினார். "இது என்ன? பிக்னிக்கா? எங்கட சனம் செத்த இடத்தில உனக்குப் பல்லு என்னத்துக்குத் தெரியுது?"

"அண்ணா, அது வந்து…"

சரத்தின்ர கண் பார்த்தீபனைத் தாண்டிக் குசினி வாசலுக்குப் போச்சு. அங்க சோபனா. அவ்வளவுதான், அவன் சொல்ல வந்ததை விழுங்கிட்டான்.

"தப்புதாங்கண்ணா. மன்னிச்சிடுங்க."

"மன்னிக்கிறதா? மவுண்ட் ரோஸ்கில் ஹோலில வருஷா வருஷம் சண்டையில விழுந்த ஆக்களுக்கு முதல் விளக்கு ஏத்துறது ஆர் தெரியுமா? நான்! சோபனாவின்ர அண்ணன்ர மச்சான் எண்டு என்னைத்தான் கூப்பிடுவினம். அந்த நாட்டில கால் வைக்கிறேல்லை எண்டு இருபத்திரண்டு வருஷமா இருக்கிறன்டா. கொள்கை! நீ போய்ப் பெருவிரல் காட்டிட்டு வாறாய்!"

சரத் தலையை ஆட்டினான். சப்பாத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு குட்டானைப் படியில வச்சான்.

"அதையும் கொண்டு போ!"

எடுத்துக்கொண்டு போனான். மழை வேற தூறத் தொடங்கீட்டுது.

கதவை அடிச்சுச் சாத்திட்டு வந்து இருந்தார் பார்த்தீபன். ஒரு சண்டையில வெண்ட மாதிரி முகம்.

"இது காணாது. எங்கட ஆக்களின்ர வாட்ஸப் குறூப்பில பேரோட போடுறன். எல்லாருக்கும் தெரியட்டும் இவன் ஆரெண்டு."

விரல் அமத்தப் போக, சோபனா வந்து போனை வாங்கினா.

"போடாதேங்கோ."

"என்ன, அவனுக்குப் பரிஞ்சு வாறீரோ? நிலத்தில தண்ணி ஊத்தி விளையாடியிருக்கிறான், பாக்கேல்லையே?"

"விளையாட்டில்லை அது. போத்தலுக்குள்ள எள்ளுப் போட்டு, எள்ளும் தண்ணியும் இறைச்சது. என்ர அண்ணைக்கு."

பார்த்தீபன் நிமிர்ந்து பாத்தார்.

"எள்ளைக் கழுவிக் காயவச்சுக் குடுத்துவிட்டது நான்தான். ஆமிக்காரன் நிண்டா, சுத்திப் பாக்க வந்த ஆக்கள் மாதிரிச் சிரிச்சுக்கொண்டு நில்லுங்கோ தம்பி எண்டு சொன்னதும் நான்தான். ஒரு ஆமிக்காரனே போனை வாங்கிப் படம் எடுத்துக் குடுத்து, பேஸ்புக்கில போடுங்கோ எண்டு, போடுமட்டும் பக்கத்திலயே நிண்டவனாம். அந்தத் தம்பி அண்ணையின்ர பேரை வாய்க்குள்ள சொல்லிச் சொல்லிச் சிரிச்சுதாம்."

"பிறகேன் என்னட்டச் சொல்லேல்லை அவன்?"

"சொல்லக்கூடாது எண்டு சத்தியம் வாங்கினனான்."

பிரணவி மெதுவா எழும்பி வந்து தாயின்ர கையைப் பிடிச்சாள். பார்த்தீபனுக்கு எங்க பாக்கிறதெண்டு தெரியேல்லை. ஆனாலும் விட மனமில்லை.

"அவன் ஆர் சோபனா? சொந்தமா, பந்தமா? எள்ளுந் தண்ணியும் எண்டா உரித்துள்ளவன்தானே இறைக்கோணும்?"

"ஓம். பிள்ளை குட்டி இல்லாத அண்ணைக்கு மச்சான்தான் இறைக்கோணும்," எண்டா சோபனா. "கலியாணம் கட்டின வருஷத்தில இருந்து, ஒவ்வொரு ஆடிக்கும் அவரைத்தான் கேட்டனான்."