உலோகத்துக்குப் பக்கத்தில்

புரதத்தின் ஓரத்தில் ஒரு மாங்கனீசு அணுவைக் கட்டிக் காந்தத்துக்குள் இறக்குவோம். திரையில் அந்தப் புரதத்தின் அணுக்கள் முகடு முகடாகத் தெரியும். உலோகத்தை ஒட்டி இருப்பவை மட்டும் மங்கி மறைந்துவிடும். மறைந்தவற்றை வைத்தே வடிவத்தைப் பிடிப்போம்.

நாங்கள் பிடித்த வடிவத்தை எங்களுக்கு முன்பே போட்டி ஆய்வகத்துத் தேவசகாயம் வெளியிட்டுவிட்டார். என் கணவரையும் சேர்த்து ஆய்வகத்தில் நாங்கள் ஐந்தே பேர். யாரோ கொடுத்திருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த இளம்பிறையைத்தான் சந்தேகப்பட்டேன்.

இன்று எல்லோரும் டீ குடிக்கும்போது வேண்டுமென்றே சொன்னேன்: "நாளைக்கு தேவசகாயம் இங்க வர்றாராம்."

"வரட்டும் மேடம், நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்குறேன்" என்றாள் இளம்பிறை. மற்றவர்கள் சிரித்தார்கள்.

எப்போதும் முதல் ஆளாகச் சிரிக்கும் என் கணவர் வடையைப் பிட்டுக்கொண்டே இருந்தார். வாயில் போடவில்லை.