ஹெட்லைட் எரியல

மாமனார் குளியலறைக் கதவைச் சாத்திய சத்தம் கேட்டதும், மருமகள் ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்தாள். கொத்து குலுங்காமல் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு வந்தாள். பட்டப்பகலில், சொந்த வீட்டில், திருடியைப் போல.

போன வாரம் எடுத்ததைத் திருப்பி வைக்கத்தான் வந்திருந்தாள். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்து, கைப்பையின் உள்ளறையில் ஒளித்து வைத்திருந்த ஹெட்லைட் ஃப்யூஸை அதன் இடத்தில் வைத்து அழுத்தினாள். விரல் நகம் அளவுதான் இருக்கும். அதுதான் இத்தனை நாளாக அவள் தூக்கத்தைக் கெடுத்தது.

போன வாரம் பேத்தியை நீச்சல் வகுப்பிலிருந்து அழைத்துவந்த மாமனார், வாசல் தூணில் காரை உரசிவிட்டார். "தெரு விளக்கு ஒண்ணுகூட எரியலம்மா. அதான் தூண் தெரியல" என்றார். தெரு முழுக்க விளக்குகள் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. பின்சீட்டில் குழந்தை ஈரத் தலையோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

'இனிமே இருட்டுல ஓட்டாதீங்க மாமா' என்று சொல்ல நாக்கு எழவில்லை. அந்தக் கார் அவள் கணவனைவிட நாலு வயது மூத்தது. வீட்டில் அதுதான் தலைப்பிள்ளை. அதன் எஞ்சினையே தனியாளாக இறக்கி ஏற்றிய மனிதரிடம் சாவியைக் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? அதனால் மறுநாள் காலையில் ஃப்யூஸை உருவிவிட்டாள். ஹெட்லைட் எரியாத காரைச் சாயங்காலம் எப்படி எடுப்பார்?

எடுக்கவில்லைதான். ஆனால் பொழுது சாய்ந்ததும் டிரைவர் சீட்டில் போய் உட்காருவார். சுவிட்சைத் திருகிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் எரியலம்மா" என்று உள்ளே வந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். காதில் மாட்டும் கம்பி உடைந்து, நீல டேப் சுற்றிய கண்ணாடி. அவர் கை பட்ட பொருள் எதிலும் அந்த நீல டேப் இருக்கும்; குடைப்பிடியில், டார்ச்சில், குளியலறை வாளியில்கூட.

குழந்தையை அழைத்துவர அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "என்னால உனக்கு வீண் அலைச்சல்" என்பார். பெற்ற மகளைப் போலப் பார்த்துக்கொள்கிறவருக்கு இப்படியொரு துரோகமா என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கணவனுக்கு அப்பாவின் முகம் பொறுக்கவில்லை. எலக்ட்ரீஷியனை வரச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். வருகிறவன் முதலில் ஃப்யூஸைத்தான் பார்ப்பான், குட்டு உடைந்துவிடும். அதற்குத்தான் இந்தத் திருட்டு நடை.

மாமனார் தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது எலக்ட்ரீஷியனும் வந்துவிட்டான். "எஞ்சினையே பிரிச்சு மேயற ஆளு நீங்க. இதை நீங்களே பாத்திருக்கலாமே சார்?"

"வயசாச்சுப்பா. அவசரம் ஒண்ணுமில்ல. வேற வேலை இருந்தா நாளைக்கு வாயேன்."

"அட, டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிடலாம் சார்."

மருமகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது விளக்கு எரியும். சாயங்காலம் மாமனார் சாவியைச் சுழற்றிக்கொண்டு கிளம்புவார், திரும்பி வரும்போது பின்சீட்டில் குழந்தை இருப்பாள். தப்பித்தோம் என்றும் இருந்தது, ஐயோ என்றும் இருந்தது.

எலக்ட்ரீஷியன் சுவிட்சைத் திருகினான். எரியவில்லை.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஃப்யூஸ் நல்லாயிருக்கு. பல்பும் நல்லாயிருக்கு. பழைய வண்டியில எர்த் வயர்தான் காலை வாரும்" என்றபடி அவன் பானெட்டுக்குள் தலையை விட்டான். கொஞ்ச நேரத்தில் தலையை வெளியே எடுத்தான்.

"சார், ரெண்டு லைட்டுக்கும் சேர்த்து ஒரே எர்த். அதை யாரோ கழட்டி விட்டிருக்காங்க. தானா கழண்டிருந்தா போல்ட் கீழ விழுந்திருக்கும். இங்க வயரை மட்டும் எடுத்துட்டு போல்ட்டைத் திரும்ப முறுக்கியிருக்கு. உங்க வீட்ல யாருக்கோ இந்த லைட் எரியறது பிடிக்கல."

மாமனார் மெல்லத் திரும்பி மருமகளைப் பார்த்தார். அவ்வளவுதான். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாக அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சத்தியமா வயரை நான் தொடல மாமா! ஃப்யூஸை மட்டும்தான் எடுத்தேன்!"

எலக்ட்ரீஷியன் ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனரை அக்கறையாகத் துடைக்க ஆரம்பித்தான்.

"பின்சீட்டுல குழந்தை இருந்தா மாமா... உங்ககிட்ட நேரா சொல்ல எனக்கு தைரியம் வரல. மன்னிச்சிடுங்க." சொல்லிக்கொண்டே காரருகே வந்துவிட்டாள். திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்தவளின் கண்ணில், பானெட்டுக்குள் கழன்று கிடந்த அந்த வயரின் நுனி பட்டது.

துருப்பிடிக்காதபடி அதன்மேல் இறுக்கமாக, அழகாக, நீல டேப் சுற்றியிருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அதை மாட்டிடாதப்பா, அப்படியே இருக்கட்டும்" என்று எலக்ட்ரீஷியனிடம் சொன்னார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "தூண்ல உரசின அன்னிக்கு ராத்திரியே நான்தாம்மா கழட்டினேன். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றார்.

"தெரு விளக்கெல்லாம் நல்லாத்தாம்மா எரியுது. எனக்குத்தான் தெரியல."