கோட்டுக்குக் கீழே

அணையை உயர்த்தினால் தண்ணீர் எந்த மட்டம்வரை ஏறும் என்று குறிக்க வந்தவர்கள், குருவம்மாள் வீட்டு வாசல் சுவரில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு இழுத்தார்கள். அது ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழத்தில் ஓடியது.

"கூட்டம் போட்டு எங்கள ஒரு வார்த்த கேக்க மாட்டீகளா?" என்றாள்.

"புது அணைன்னாத்தாம்மா கேக்கணும். இது இருக்கிற அணையை உசத்துறது. இதுக்கு விலக்கு இருக்கு" என்றார் பொறியாளர்.

பொங்கலுக்கு முன்னால் மட்டம் சரிபார்க்க அவர் மறுபடி வந்தபோது ஊரே வெள்ளையடித்துக்கொண்டிருந்தது. குருவம்மாளும் சுண்ணாம்பு வாளியோடு ஏணியில் நின்றாள். கோட்டை அழித்திருப்பாளோ என்று பதறிப் போய்ப் பார்த்தார். கோடு அப்படியே இருந்தது. அதற்கு மேலே ஓடுவரை சுவர் கண்ணைப் பறித்தது. கீழே போன வருஷத்து மழைக்கறை, விளக்கு மாடத்துப் புகைக்கரி, மகளின் உயரம் பார்த்துக் கீறிய கீறல்கள் எதிலும் சுண்ணாம்பு படவில்லை.

"கீழ ஏம்மா அடிக்கல?"

அவள் மட்டையை வாளியில் முக்கினாள்.

"அது உங்க பாகம். நீங்கதான் அடிக்கணும்."