நாளைக்கு நாற்பது அடி

நடுக்குவாதத்துக்கான புது மாத்திரை ஒன்றைச் சோதிக்கும் ஆய்வில் என் மனைவி எஸ்தரைச் சேர்த்திருந்தார்கள். மாத்திரை அவளுக்கு, குறிப்பேடு எனக்கு. இன்று விழுந்தாரா, துணையில்லாமல் எத்தனை அடி நடந்தார் என்று தினமும் நான் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை டீ ஆறுவதற்குள், வரப்போகும் ஏழு நாளுக்கும் சேர்த்தே எழுதி முடித்துவிடுவேன். எல்லா நாளும் 'விழவில்லை'. அடிக்கணக்கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவைப்பேன்.

எஸ்தர் அதைப் படித்திருக்கிறாள். புதன்கிழமை காலை, கூடத்தில் சுவரைப் பிடிக்காமல் எண்ணிக்கொண்டே நடந்தாள்.

"என்ன பண்ற?" என்றேன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"முப்பத்தஞ்சுன்னு எழுதிவச்சிட்டீங்களே. பொய்யாயிடக் கூடாதுல்ல."

முப்பத்தொன்றில் விழுந்தாள். தலை நிலைப்படியில் மோதியது.

சாயங்காலம், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஆய்வுக்காரப் பெண் மெஹருன்னிசா குறிப்பேட்டைப் புரட்டினாள். இன்னும் வராத நாட்களும் நிரம்பியிருந்ததைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"தப்பா எழுதினதுக்கெல்லாம் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்துல கையெழுத்துப் போடுங்க சார்" என்று பேனாவை நீட்டினாள்.

புதன்கிழமைக்குக் கோடு போட்டேன். வியாழக்கிழமையில் பேனா நின்றுவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயந்திரம் எஸ்தருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. குறிப்பேட்டில், நாளைக்கு அவள் நாற்பது அடி நடக்கிறாள். விழவில்லை.