வழிகாட்டிக்கு அடுத்த இடம்

மூன்று நாள் மலைப்பாதைக் குதிரைப் பயணத்துக்கு வந்திருந்த ஐந்து பேரும் ஒருவருக்கொருவர் புதியவர்கள். அவர்களில் ஒருவரான காப்பீட்டு அதிகாரியை மட்டும் வழிகாட்டி தனக்கு அடுத்து வரச் சொன்னார். அதிகாரிக்குப் பின்னால் மூட்டை சுமக்கும் கிழட்டுக் குதிரை. அதற்கும் பின்னால் மற்றவர்கள்.

"பார்த்தவுடனே என் திறமையைக் கண்டுபிடிச்சிட்டார்" என்றார் அதிகாரி.

பதவி உயர்வு வாங்கியது, மேலாளரை மடக்கியது, மூட்டுவலிக்குத் தானே மருந்து கண்டுபிடித்தது என்று அவர் அளந்துகொண்டே வந்தார். மூச்சு வாங்க நிறுத்தினால், "அப்புறம் என்ன ஆச்சு சார்?" என்று வழிகாட்டியே எடுத்துக் கொடுத்தார்.

இரண்டாம் நாள், பின்னால் வந்தவர்களில் ஒருவரான பல் டாக்டரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. வழிகாட்டியிடம் முறையிட்டார்.

"காது புளிச்சுப் போச்சுங்க. அவரைக் கொஞ்சம் பேசாம வரச் சொல்லுங்களேன்."

"அம்மா, பக்கத்துலேயே பள்ளம். தயவுசெஞ்சு அவர் வாயை மட்டும் அடைச்சிடாதீங்க."

அது காதில் விழுந்ததும் அதிகாரி இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பயணம் முடிந்ததும் வழிகாட்டியின் தோளைத் தட்டினார். "அடுத்த மாசமும் வர்றேன். இதே இடம் எனக்குத்தான்."

"நீங்க எங்க வேணா வரலாம் சார். மூட்டைக் குதிரைக்கு ரெண்டு கண்ணும் தெரியாது. முன்னாலேர்ந்து வர்ற சத்தத்தைக் கேட்டுத்தான் நடக்கும். முன்குதிரை கழுத்துல கட்டுற மணி தொலைஞ்சு போச்சு. மூணு நாளும் கத்திக்கிட்டே போக என் தொண்டை தாங்காது."

அதிகாரியின் கை வழிகாட்டியின் தோளிலிருந்து இறங்கியது.

"கவலைப்படாதீங்க சார், அடுத்த வாரம் புது மணி வந்துடும்."